மேற்குச் சுவரின் சூட்டைத் தணித்தது எப்படி?

மன்னார்குடி பக்கம் எங்கள் வீட்டு மாடியறை 6 அங்குல கான்கிரீட் கல் சுவர். அக்னி நட்சத்திரத்தில் இரவு பத்து மணிக்குக் கை வைத்தாலும் மேற்குச் சுவர் சுடும். அம்மா பாயைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவார். மனசு கேட்கவில்லை.

கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்து, ராத்திரி அறைக்குள் விடுகிறது. அதனால் சூட்டைத் தடுக்கும் காப்பு வெளிப்பக்கம்தான் வேண்டும். அப்போது வெயில் சுவரையே தொடாது. உள்ளே ஒட்டினால் சுவர் சூடாகிக்கொண்டேதான் இருக்கும்.

2 அங்குல தெர்மாகோல் பலகை வாங்கினேன், எளிதில் தீ பரவாத ரகம். பெட்டிக்குள் வரும் இளசான தெர்மாகோல் உதவாது. பசையும் ஆணியும் போட்டுப் பொருத்தி, கம்பி வலை அடித்து, முக்கால் அங்குலம் சிமெண்ட் பூசினோம்.

"தம்பி, ஐப்பசி மழைக்கு இது தாங்குமா?" என்றார் கொத்தனார். நியாயமான கேள்வி. மேல் விளிம்பைத் தண்ணீர் இறங்காதபடி மூடினோம். கறையான் ஏறாமலிருக்க, தரையிலிருந்து தள்ளியே பலகையைத் தொடங்க வேண்டும். எங்களுக்கு மாடி என்பதால் அந்தக் கவலையில்லை.

முதலில் லிண்டலை, அதாவது ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் பட்டையை, மூடாமல் விட்டுவிட்டோம். ராத்திரி தடவிப் பார்த்தால் அந்தப் பட்டை மட்டும் சுட்டது! அப்புறம் அதையும் மூடினோம்.

டெல்டாவின் புழுக்கத்தை இது போக்காது. பகலில் ஜன்னலை மூடி, பொழுது சாய்ந்ததும் திறந்து, மின்விசிறி போட வேண்டும். கூரைக்கு வெள்ளைப் பூச்சும் அடித்தேன். இப்போது அம்மா மாடியிலேயே தூங்குகிறார்.