எஸ் விசை வெட்ட மறுத்த மாலை

கல்லடி வீட்டில் வடமோடிக் கூத்தின் மத்தள ஒலிப்பதிவை ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் தொகுத்துக்கொண்டிருந்தேன். குறுக்குவிசைகளை அப்போதுதான் பழகத் தொடங்கியிருந்தேன். எஸ் விசையைத் தட்டினால், குறிகோடு நிற்கும் இடத்தில் ஒலித்துண்டு இரண்டாகும். தாளக்கட்டுகளைப் பிரித்தெடுக்க அதைவிட வசதி வேறில்லை. அன்று எத்தனை தடவை தட்டியும் வெட்டு விழவில்லை. இடைவெளி விசைக்கு மட்டும் மத்தளம் ஒலித்தது, நின்றது. மென்பொருளை மறுபடி நிறுவியும் பயனில்லை.

பிறகுதான் கவனித்தேன். கூத்துப் பாடல் வரிகளைத் தட்டச்சு செய்த தமிழ் விசைப்பலகை இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது! விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றியதும் எஸ் வேலை செய்தது. விண்டோஸின் மேம்பட்ட விசைப்பலகை அமைப்பில், ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் தனி உள்ளீட்டு முறை என்ற தெரிவையும் இயக்கிவைத்தேன். இப்போது வரிகள் தமிழிலேயே இருக்க, ரீப்பர் ஆங்கில விசைகளோடு நிற்கிறது.