கேம் மாஸ்டரின் விருப்பமும் ஆட்டக்காரர்களின் விருப்பமும்: ஒரே மேசையில் இரண்டுக்கும் இடம் தருவது எப்படி?

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் உலகத்தையும் அதில் நடமாடும் மற்ற மனிதர்களையும் கேம் மாஸ்டர் இயக்குகிறார். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தின் முடிவுகளை எடுக்கிறார். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கி இன்றுவரை பெரும்பாலான விளையாட்டுகள் இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. இந்த மேசையில் எழும் மனத்தாங்கல்கள் பெரும்பாலும் யாருடைய பேராசையாலும் வருவதில்லை. எந்த முடிவு யாருடையது என்பதை யாரும் பேசி வைத்துக்கொள்ளாததால்தான் வருகின்றன. ஆகவே, விருப்பங்களை ஆளுக்குப் பாதி என்று பங்கிட முயல்வதைவிட, முடிவெடுக்கும் உரிமையைத் தெளிவாகப் பிரித்துக்கொள்வதே சரியான வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

அதற்குமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கேம் மாஸ்டரும் விளையாட வந்தவர்தான். ஆட்டக்காரர்கள் கேட்பதையெல்லாம் கொடுப்பதே அவர் கடமை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் வாரந்தோறும் பல மணி நேரம் செலவழித்துத் தயாரிப்பவருக்கே தன் உலகத்தில் ஈடுபாடு இல்லையென்றால், அவர் பேசும் காவலரும் வணிகரும் அரசியும் உயிரற்றுப்போவார்கள். ஆட்டக்காரர்களும் அதை உடனே உணர்வார்கள். கதையின் முடிவுவரை முன்பே எழுதி வைத்துக்கொண்டு மற்றவர்களை அதன் வழியே நடத்திச் செல்பவரிடம் ஆட்டக்காரர்கள் வெறும் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

ஆட்டம் தொடங்குமுன்

விளையாடாமல் பேசுவதற்கென்றே எல்லோரும் கூடும் முதல் சந்திப்பைச் செஷன் ஸீரோ என்கிறார்கள். இதைப் பல குழுக்கள் நடத்துகின்றன. ஆனால் கேள்வியைத் தவறாகக் கேட்டு வீணாக்கிவிடுகின்றன. “உங்களுக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும்?” என்று கேட்டால், “எதுவானாலும் சரி” என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக ஒரு குறிப்பான சூழலை முன்வையுங்கள். குழு ஒரு கோட்டைக்குள் நுழைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காவலரிடம் பேசி ஏமாற்றுவது, பழைய வரைபடங்களைப் புரட்டிச் சுரங்கவழியைக் கண்டுபிடிப்பது, வாளை உருவிக்கொண்டு வாசல் வழியே புகுவது ஆகிய மூன்றில் எதற்கு ஒரு மணி நேரம் செலவானால் மகிழ்வீர்கள், எது ஐந்து நிமிடத்தில் முடிந்தால் போதும் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கேம் மாஸ்டரும் இதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சூழ்ச்சிப் பேச்சுக்காக ஏங்கும் ஒருவரும் போருக்காகவே வந்திருக்கும் ஒருவரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் வெளிப்படும். அப்போது உண்மையான இழுபறி ஆட்டக்காரர்களுக்குள்ளேயே இருப்பதும் தெரியவரும்.

எந்தக் கதையை ஆடுவது என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தான் மனமார நடத்த விரும்பும் இரண்டு அல்லது மூன்று கதைக்களங்களை மட்டும், ஒவ்வொன்றையும் நான்கைந்து வரிகளில் எழுதிக் கேம் மாஸ்டர் கொண்டுவரட்டும். அவற்றில் ஒன்றை ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுக்கட்டும். தனக்குப் பிடிக்காததை நடத்த வேண்டிய நிலை கேம் மாஸ்டருக்கு வராது; கதை தங்கள்மேல் சுமத்தப்பட்டது என்ற எண்ணம் ஆட்டக்காரர்களுக்கும் எழாது. தேர்ந்தெடுத்த களத்துக்குப் பொருந்தும் கதாபாத்திரத்தை உருவாக்குவது ஆட்டக்காரரின் பொறுப்பு. யாருடனும் சேராமல், எந்த அழைப்பையும் ஏற்காமல் ஒதுங்கி நிற்கும் வீரனை உருவாக்கிவிட்டு, அவனைக் கதைக்குள் இழுத்து வருவது கேம் மாஸ்டரின் பாடு என்று விட்டுவிடுவது நியாயமாகாது. “என் கதாபாத்திரம் அப்படித்தான் நடந்துகொள்ளும்” என்பவர், அந்தக் கதாபாத்திரத்தை அப்படி அமைத்ததே தாம்தான் என்பதை மறந்துவிடுகிறார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சமநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. சித்திரவதை, குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, பாலியல் வன்முறை போன்றவை தம்மைப் பாதிக்கும் என்று ஒருவர் சொன்னால், அது விவாதத்துக்கு உரியதன்று. கதையில் அறவே வரக்கூடாதவை எவை, விவரிக்காமல் திரைக்குப் பின்னால் நடந்ததாகக் கொள்ளத்தக்கவை எவை என்று இரண்டாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளும் முறை பல குழுக்களில் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவே எதிர்பாராமல் ஏதேனும் வந்துவிட்டால், மேசைமேல் இருக்கும் எக்ஸ் குறியிட்ட அட்டையை ஒருவர் தொட்ட உடனேயே, காரணம் கேட்காமல் அந்தப் பகுதியை மாற்றிவிட வேண்டும். இதில் கேம் மாஸ்டருக்கும் அதே உரிமை உண்டு.

ஆட்டத்தின் நடுவே

உரிமைப் பிரிவினையின் சாரம் இதுதான்: கதாபாத்திரம் என்ன நினைக்கிறது, என்ன உணர்கிறது, எதைச் செய்ய முயல்கிறது என்பவை ஆட்டக்காரருடையவை, உலகம் அதற்கு எப்படி எதிர்வினையாற்றுகிறது என்பது கேம் மாஸ்டருடையது, இரண்டுக்கும் இடையே, முயற்சி பலித்ததா என்பதைத் தீர்மானிக்கும் விதிகளும் பகடையும் நிற்கின்றன. “நீ பயந்துபோய் ஓடுகிறாய்” என்று விதியின் துணையில்லாமல் சொல்லும் கேம் மாஸ்டரும், “நான் காவலரைக் கொன்றுவிட்டேன்” என்று முடிவையும் தாமே அறிவிக்கும் ஆட்டக்காரரும் இந்த எல்லையைத்தான் மீறுகிறார்கள்.

2017-இல் வெளிவந்த பிளேட்ஸ் இன் த டார்க் என்ற விளையாட்டு இந்தப் பிரிவினையை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. ஒரு திருடன் மழையில் நனைந்த மதிலில் ஏற நினைக்கிறான் என்று கொள்வோம். எந்தத் திறனைக் கொண்டு முயல்கிறான் என்பதை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கிறார். அது எவ்வளவு ஆபத்தானது, வென்றால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதைக் கேம் மாஸ்டர் அறிவிக்கிறார்: “கல் வழுக்குகிறது, கீழே நாய்கள் திரிகின்றன, தவறினால் கால் முறியும், ஏறினாலும் பாதி உயரத்தில் இருக்கும் திண்ணைவரைதான் எட்டலாம்.” இதைக் கேட்ட ஆட்டக்காரர் துணிந்து பகடையை உருட்டலாம், அல்லது மனம் மாறிக் கயிற்றைத் தேடலாம். முடிவு மோசமாக அமைந்தாலும் யாரும் ஏமாற்றப்பட்டதாக உணர்வதில்லை. நீங்கள் எந்த விளையாட்டை ஆடினாலும், பகடையை உருட்டுமுன் ஆபத்தை வாய்விட்டுச் சொல்லும் இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஃபேட் விளையாட்டில் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. ஒரு கதாபாத்திரத்தின் பலவீனத்தை வைத்துச் சிக்கலை உண்டாக்க விரும்பும் கேம் மாஸ்டர், அதற்கு ஈடாக ஒரு ஃபேட் பாயிண்ட் (பின்னர் தமக்குச் சாதகமாகச் செலவழிக்கக்கூடிய புள்ளி) தர முன்வருகிறார். ஆட்டக்காரர் அதைப் பெற்றுக்கொண்டு சிக்கலை ஏற்கலாம், அல்லது தம்மிடம் இருக்கும் ஒன்றைக் கொடுத்து மறுக்கலாம்.

தயாரிப்பில் கேம் மாஸ்டர் கடைப்பிடிக்க வேண்டியது என்னவென்றால், நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதாமல் சூழலை எழுதுவது. முத்திரையிட்ட கடிதம் ஒன்றை அரசனிடம் சேர்க்கும் பொறுப்பு குழுவுக்குத் தரப்படுகிறது. அவர்களோ வழியிலேயே அதைப் பிரித்துப் படித்து, எதிரி நாட்டுத் தூதனுக்கு விற்கத் தீர்மானிக்கிறார்கள். அரசவைக் காட்சியை வரிக்குவரி எழுதி வைத்தவர் இந்த இடத்தில் தடுமாறி, தூதனை மறைத்துவிடவோ கடிதத்தை எரித்துவிடவோ பார்ப்பார். அரசனுக்கு என்ன வேண்டும், தூதன் எதற்கு அஞ்சுகிறான், கடிதம் போய்ச் சேராவிட்டால் பத்து நாளில் என்ன நடக்கும் என்று குறித்து வைத்தவருக்கோ புதிய திருப்பமே அடுத்த காட்சியைத் தந்துவிடும். இதோடு, ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் “அடுத்த முறை எங்கே போகப்போகிறீர்கள்?” என்று கேட்டுப் பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள். உழைப்பு வீணாகாமலும் சுதந்திரம் குறையாமலும் காக்க இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியாது. பதில் சொன்ன பிறகு, தகுந்த காரணமின்றி அதை மாற்றாதிருப்பது ஆட்டக்காரர்கள் காட்ட வேண்டிய மரியாதை.

ஆட்டக்காரர் தம் கதாபாத்திரத்தின் கடந்த காலத்தில் எழுதித் தருவது பெரும்பாலும் ஒரு வேண்டுகோளே. காணாமல்போன தம்பியைப் பற்றி எழுதியவர், அவனை ஒருநாள் சந்திக்க ஆசைப்படுகிறார். கேம் மாஸ்டருக்கோ எதிரிப் படையில் ஓர் ஒற்றன் தேவைப்படுகிறான். தம்பியே அந்த ஒற்றன் என்றால் இரண்டு ஆசைகளும் ஒரே இடத்தில் நிறைவேறும். ஆயினும், “தம்பியைக் கெட்டவனாகக் காட்டினால் உனக்குச் சம்மதமா?” என்று தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது, வியப்பு சற்றுக் குறையலாம், ஆனால் தான் நேசித்து உருவாக்கிய ஒன்று சிதைக்கப்பட்டது என்ற வருத்தம் வராது.

ஒத்துவராதபோது

ஆட்டத்துக்கு வெளியே உள்ள பிரச்சினையை ஆட்டத்துக்குள் தீர்க்க முயலாதீர்கள். ஒருவர் மற்றவர்களின் பேச்சில் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கிறார் என்பதற்காக அவருடைய மந்திரவாதியின் தலையில் இடியை இறக்கினால், அவர் அதைக் கதையின் போக்காகவே எடுத்துக்கொள்வார், அல்லது பகையாக எடுத்துக்கொள்வார்; குறுக்கிடுவது நிற்காது. தனியே சந்தித்து, நடந்ததைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: “நேற்றுச் சந்தைக் காட்சியில் அவள் பேரம் பேசத் தொடங்கியபோது நீ இரண்டு முறை இடைமறித்தாய், அடுத்த முறை அவள் முடிக்கும்வரை பொறுத்துக்கொள்வாயா?” கேம் மாஸ்டர்மேல் குறையிருந்தாலும் இதே முறைதான்.

ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் பிடித்த ஒன்றையும், இனி வர விரும்பும் ஒன்றையும் கேம் மாஸ்டர் உட்பட எல்லோரும் சொல்லும் வழக்கம் இருந்தால், குறைகள் இந்த அளவுக்கு முற்றுவது அரிது. புதிய குழு என்றால், முடிவில்லாத நெடுங்கதையில் இறங்காமல் ஐந்து அல்லது ஆறு அமர்வுகளில் முடியும் கதையாகத் தொடங்கி, முடிந்ததும் தொடரலாமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். சூழ்ச்சி அரசியலை மட்டுமே விரும்பும் கேம் மாஸ்டரும் நிலவறைப் போர்களை மட்டுமே விரும்பும் குழுவும் எவ்வளவு பேசினாலும் சந்திக்காமல் போகலாம். அப்போது ஆட்டக்காரர்களில் ஒருவர் சில வாரங்களுக்குக் கேம் மாஸ்டர் பொறுப்பை ஏற்றுத் தங்களுக்குப் பிடித்ததை நடத்தலாம். அதுவும் சரிவராவிட்டால் ஒருவர் அந்தக் கதையிலிருந்து மட்டும் விலகிக்கொண்டு, வேறொரு விளையாட்டில் அதே நண்பர்களோடு மீண்டும் சேரலாம்.