சான் பிரான்சிஸ்கோவுக்கு முதன்முறை செல்பவர்களுக்கு: ஏற்றத்தையும் மூடுபனியையும் கணக்கில் கொண்டு திட்டமிடுதல்

சான் பிரான்சிஸ்கோ வரைபடத்தில் சிறிய ஊராகத்தான் தெரியும். மூன்று புறமும் நீர் சூழ, நீளம் அகலம் இரண்டிலும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் மட்டுமே உள்ள அந்நகரின் தெருக்கள் கட்டம் கட்டமாக நேராக ஓடுவதைப் பார்ப்பவர்கள், பெரும்பாலான இடங்களுக்கு நடந்தே போய்விடலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் 1847இல் ஜாஸ்பர் ஓ'ஃபாரல் நகரை அளந்து தெருக்களை விரிவாக்கியபோது குன்றுகளை வளைத்துச் செல்லாமல் அவற்றின் மீதே நேர்க்கோடு கிழித்துவிட்டார் என்பது வரைபடத்தில் தெரிவதில்லை. ஹைடு, லெவன்வொர்த் தெருக்களுக்கு இடையே ஃபில்பர்ட் தெருவின் சரிவு 31.5 சதவீதம், மூன்றடி முன்னே செல்ல ஏறத்தாழ ஓர் அடி மேலே ஏற வேண்டும். ஆகவே எந்த இடத்துக்கும் நடக்கத் திட்டமிடும்முன், கைபேசி வரைபடத்தில் நடைவழியின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஏறுவதற்கு வண்டி, இறங்குவதற்குக் கால் என்பதே அந்நகருக்கு ஏற்ற விதி.

அடுத்து முடிவு செய்ய வேண்டியது மாதம். கோடை விடுமுறை என்பதால் பலரும் ஜூலை, ஆகஸ்டில் செல்கிறார்கள். மூடுபனி மிகுந்திருப்பதும் அப்போதுதான். கலிஃபோர்னியாவின் உட்பகுதிச் சமவெளி வெயிலில் காய்ந்து காற்று மேலெழும்போது, அந்த வெற்றிடத்தை நிரப்பக் கடற்காற்று, கடலும் விரிகுடாவும் சேரும் கோல்டன் கேட் இடைவெளி வழியே உள்ளே பாய்கிறது. கரையோரக் கடல்நீர் மிகக் குளிர்ந்தது என்பதால் அதன் மேல் வரும் ஈரக்காற்று மூட்டமாகத் திரண்டுவிடுகிறது. ஜூலை மாதப் பகலில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். நகரின் நடுவே சுமார் 280 மீட்டர் உயரமுள்ள ட்வின் பீக்ஸ் குன்றுகள் இந்த மூட்டத்தைத் தடுப்பதால், மேற்கே சன்செட், ரிச்மண்ட் பகுதிகள் நனைந்து கிடக்கும் அதே நேரத்தில் கிழக்கே மிஷன் பகுதியில் வெயில் அடிக்கும். மாதத்தைத் தேர்ந்தெடுக்க உங்களால் முடியுமானால் செப்டம்பர், அக்டோபரே சிறந்தவை. மழை பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்யும்.

ஃப்ரீமான்ட்டிலோ சான் ஹோசேயிலோ உள்ள மகன், மகள் வீட்டிலிருந்து ஒரு நாள் சுற்றுலாவாக வரும் தமிழ்ப் பெற்றோர் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். அங்கே வெயில் கொளுத்துகிறதே என்று பருத்திப் புடவையோடு புறப்பட்டு, ஒரு மணி நேரத்தில் கோல்டன் கேட் பாலத்தின் மேல் நடுங்கிக்கொண்டு நிற்பவர்கள் ஏராளம். மீன்பிடித் துறை (ஃபிஷர்மன்ஸ் வார்ஃப்) கடைகளில் நகரின் பெயர் பொறித்த கம்பளிச் சட்டைகள் அவ்வளவு விற்பதற்கு இவர்களும் ஒரு காரணமாக இருக்கலாம். காற்றுப் புகாத மேலங்கி ஒன்றும், காதை மூடும் குல்லாவும் எந்த மாதமானாலும் பையில் இருக்கட்டும். முடிந்தால் ஓரிரவாவது நகருக்குள் தங்குங்கள்.

தங்குமிடத்தைத் தெருப்பெயரைவிடத் தரையின் மட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாப் ஹில் விடுதிகள் அழகானவை. ஆனால் நாள் முழுதும் சுற்றிக் களைத்த பிறகு மாலையில் மீண்டும் குன்றேற வேண்டியிருக்கும். எம்பார்கடெரோ கரையோரமும் மீன்பிடித் துறைப் பகுதியும் சமதரை. யூனியன் சதுக்கத்தை ஒட்டிய பவல் தெரு நிலையத்துக்கு விமான நிலையத்திலிருந்து பார்ட் ரயில் அரை மணி நேரத்தில் வந்துவிடும். ஆயினும் சதுக்கத்துக்கு மேற்கே சில தெருக்கள் தள்ளியுள்ள டெண்டர்லாயின் பகுதியில் இரவில் நடப்பதைத் தவிர்ப்பது நல்லது.

ரயிலுக்கும் நகரின் மியூனி பேருந்துகளுக்கும் பொதுவான கிளிப்பர் என்னும் கட்டண அட்டையை முதல் நாளே கைபேசியில் ஏற்றிக்கொள்ளலாம். தெருத் தண்டவாளத்தில் ஓடும் கேபிள் காரில் ஒருமுறை செல்லும் கட்டணம் பேருந்துக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அதை வைத்து வேறு வண்டிக்கு மாறவும் முடியாது. ஒரே நாளில் பலமுறை ஏற நினைப்பவர்கள் நாள் முழுதுக்குமான பயணச்சீட்டு வாங்குவதே சிக்கனம்.

கேபிள் காரை வெறும் வேடிக்கை வண்டி என்று எண்ணிவிட வேண்டாம். குதிரைகளால் ஏற முடியாத சரிவுகளுக்காக 1873இல் ஆண்ட்ரூ ஹாலிடி கிளே தெருவில் இதை ஓட்டிக் காட்டினார். வண்டியில் இயந்திரம் கிடையாது. சாலைக்கு அடியில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் ஓடும் எஃகு வடத்தை, ஓட்டுநர் ஒரு நீண்ட நெம்புகோலை இழுத்துப் பற்றினால் வண்டி நகரும். பிடியைத் தளர்த்திப் பிரேக் போட்டால் நிற்கும். வண்டி வராத வேளையில் தண்டவாளத்தின் அருகே நின்றால், நடுவிலுள்ள பிளவிலிருந்து வடம் உறுமுவதைக் கேட்கலாம். இன்று மூன்று தடங்களே எஞ்சியுள்ளன. பவல் தெருவும் மார்க்கெட் தெருவும் கூடுமிடத்தில் ஊழியர்கள் வட்ட மேடையில் வண்டியைக் கையால் தள்ளித் திருப்புவதைப் பார்க்கக் கூட்டம் கூடும், வரிசையும் நீளும். ஏறினால் போதும் என்பவர்கள் கூட்டம் குறைவான கலிஃபோர்னியா தெருத் தடத்துக்குப் போகலாம். வாஷிங்டன், மேசன் தெருக்களின் சந்திப்பிலுள்ள கேபிள் கார் அருங்காட்சியகத்தில், வடங்களை இழுக்கும் ராட்சதச் சக்கரங்களைக் கட்டணமின்றி நேரிலேயே காணலாம்.

பவல்–ஹைடு தடத்தில் ஏறி, 1922இல் எட்டு வளைவுகளோடு அமைக்கப்பட்ட லொம்பார்ட் தெருவின் உச்சியில் இறங்கினால், வளைவுகளின் ஓரப் படிகளில் கீழே வந்து நார்த் பீச்சை அடையலாம். அங்கிருந்து 39ஆம் எண் பேருந்து, டெலிகிராஃப் குன்றின் மேலுள்ள காய்ட் கோபுரத்துக்கு ஏற்றிச் செல்லும். கோபுரத்துக்குள் 1934இல் வரையப்பட்ட சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு, தோட்டங்களுக்கு நடுவே செல்லும் ஃபில்பர்ட் படிகள் வழியாகக் கரைக்கு இறங்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கொடியது. அவர்கள் கோபுரத்திலிருந்து அதே பேருந்தில் திரும்புவதே நல்லது.

கோடையில் மூட்டம் பெரும்பாலும் காலையில் படர்ந்து, நண்பகலில் விலகி, மாலையில் திரும்பும். எனவே காலை நேரத்தைக் கிழக்குப் பகுதிக்கு ஒதுக்கி, 1937இல் திறக்கப்பட்ட கோல்டன் கேட் பாலத்தைப் பிற்பகலின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாலம் 2.7 கிலோமீட்டர் நீளம். முழுவதும் நடந்தாக வேண்டும் என்பதில்லை, முதல் கோபுரம் வரை சென்று திரும்பினாலே போதும். 28ஆம் எண் பேருந்து அருகிலேயே இறக்கிவிடும். அல்கட்ராஸ் தீவுக்கு மட்டும், கோடையில் வாரக்கணக்கில் முன்னதாகவே சீட்டுப் பதிவு செய்ய வேண்டும். 1963 வரை சிறையாக இருந்த அத்தீவுக்கு 33ஆம் படகுத் துறையிலிருந்து படகு புறப்படுகிறது. தீவிலும் ஏற்றம் உண்டு. ஏற இயலாதவர்களுக்கு மின்வண்டி இருக்கிறது.

கார் இல்லாமல் வருவதே நிம்மதி. கொண்டுவந்தே ஆக வேண்டுமென்றால், சரிவில் நிறுத்தும்போது முன்சக்கரங்களைத் திருப்பி வைப்பது சட்டம்: இறக்கத்தை நோக்கி நின்றால் நடைபாதைப் பக்கமாக, ஏற்றத்தை நோக்கி நின்றால் சாலைப் பக்கமாக. தவறினால் அபராதச் சீட்டு வரும். கண்ணாடி உடைத்துத் திருடுபவர்கள் உண்டு என்பதால் காலிப் பையைக்கூட உள்ளே விட்டுச் செல்லக் கூடாது. பாலத்தில் தெற்கு நோக்கி வரும்போது வண்டி எண்ணைப் படமெடுத்துச் சுங்கம் வசூலிப்பார்கள். பணம் வாங்க ஆள் இருக்க மாட்டார். வாடகைக் கார் என்றால், அந்தச் சுங்கத்துக்கு நிறுவனம் எவ்வளவு சேவைக் கட்டணம் சேர்க்கும் என்பதைச் சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.