நேத்துப் பூ மாதிரி இருக்கே: ஆறு வார வீட்டுப்பாடத்தில் கேமரா பழகும் முறை

மல்லிகையைப் படம் எடுத்து, எடுத்த படத்தைப் பூக்கார அக்காவிடமே காட்டினேன்.

“என்னம்மா இது, நேத்துப் பூ மாதிரி இருக்கே?” என்றார்.

விடிகாலை ஐந்தரை மணி, பெங்களூரு கே.ஆர். மார்க்கெட். அப்போதுதான் மூட்டை பிரித்துக் கொட்டிய பூ, ஈரம்கூடக் காயவில்லை. என் படத்தில் அது சாம்பல் பூத்துக் கிடந்தது. அவர் கோபப்படவில்லை, ஆனால் முகம் சுருங்கிவிட்டது. விற்கிற பூவை வாடின பூ என்று சொன்னால் யாருக்குத்தான் சுருங்காது?

மல்லிகை வெள்ளை என்பது கேமராவுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்ததை அதற்கு எப்படிச் சொல்வது என்பதுதான் படம் எடுக்கக் கற்றுக்கொள்வது. சனிக்கிழமை வகுப்பில் ஆறு வாரம் எங்கள் மேடம் கொடுத்த வீட்டுப்பாடங்கள் எல்லாமே, இப்போது யோசித்தால், இந்த ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்தவை. நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். நீங்களும் வாரம் ஒன்றாகச் செய்து பாருங்கள்.

தொடங்கும் முன்

என்னிடம் இருப்பது இரண்டாம் கையாக வாங்கிய கேனான் டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸைக் கழற்றி மாற்றும் கேமரா), கூடவே வந்த 18–55 மி.மீ. கிட் லென்ஸ். இது போதும். போன் மட்டும் இருந்தாலும் பாதிக்கு மேல் செய்துவிடலாம். கேமராவைவிட முக்கியமாக ஒரு நோட்டு வேண்டும். ஒவ்வொரு முறையும் இடம், நேரம், வெளிச்சம் வந்த திசை, என்ன எடுத்தேன் என்று நான்கே வரி எழுதுங்கள். ஷட்டர் எண்ணெல்லாம் (வெளிச்சம் உள்ளே வர எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது) படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது பதிந்திருக்காது.

முதல் வாரம்: ஒரே இடம், 36 படம்

ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை 12, உச்சி வெயிலில் 12, மாலை 12 படம் எடுங்கள். எதையும் அழிக்கக் கூடாது. பிலிம் ரோல் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம்தான், அந்தக் கணக்கு. ஜூம் செய்யவும் கூடாது. நான் ஜூம் வளையத்தை 35-ல் நிறுத்தி செல்லோடேப் ஒட்டிவிட்டேன். என் கேமராவில் அந்த 35, கிட்டத்தட்ட நம் கண் பார்க்கிற அளவுக்கு வரும்.

நான் எடுத்துக்கொண்டது அல்சூர் ஏரி ஓரத்துத் திருவள்ளுவர் சிலை. வீட்டுக்குப் பக்கம் என்பது ஒரு காரணம். தாத்தா இன்னொரு காரணம். 1991-ல் கொண்டுவந்து வைத்த சிலை, திறக்க முடியாமல் 18 வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறந்தார்கள். “அத்தனை வருஷம் மூட்டையாத்தான்டி பாத்தேன்” என்று தாத்தா இன்னமும் சொல்வார். அவருக்காகவாவது நன்றாக எடுக்க வேண்டும் என்று போனேன்.

முதல் பத்துப் படமும் ஒரே மாதிரி. பதினொன்றாவதில்தான் கால் நகர்ந்தது. பக்கவாட்டுக்குப் போனேன், குந்தி உட்கார்ந்தேன், எதிர்ச் சாரியிலிருந்து பார்த்தேன். உச்சி வெயிலில் வள்ளுவரின் கண் இரண்டும் நிழலுக்குள் போய்விட்டன. காலையில் சாய்ந்து விழுந்த வெயிலில் தாடியின் சுருளும் மேலாடை மடிப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. மேகமாக இருந்த அன்று பின்னால் வானம் வெளேரென்று நிற்க, முகம் கருத்துவிட்டது. ஏன் என்று அப்போது புரியவில்லை. மூன்றாம் வாரத்தில் புரிந்தது.

வகுப்பில் மேடம் ஒன்று சொன்னார். லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர் 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய், விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினாராம். ஒரு சுவருக்கு 21 படம்! நமக்கு 36 அதிகமே இல்லை.

இரண்டாம் வாரம்: ஜன்னலும் கத்தரிக்காயும்

இந்தப் பாடத்தை யாரும் தாண்டிப் போகாதீர்கள். வெளியே எங்கும் போக வேண்டாம், செலவும் இல்லை.

வீட்டில் எல்லா விளக்கையும் அணையுங்கள். பல்பு வெளிச்சமும் பகல் வெளிச்சமும் வேறு வேறு நிறம், கலந்தால் குழப்பும். ஜன்னலுக்கும் அதற்கும் நடுவில் நாம் நிற்க இடம் விட்டு ஸ்டூல் போட்டு, ஒரு தட்டில் கத்தரிக்காயை வையுங்கள். ஊதா நிறம், பளபளப்பானதாகப் பார்த்து எடுங்கள். டயலை ஏவி-யில் வைத்து (நிக்கான் என்றால் ஏ; லென்ஸ் துளையை நாம் வைப்போம், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), துளை அளவு எஃப் 5.6, வெளிச்சத்தை உணரும் திறனான ஐஎஸ்ஓ 400. ஷட்டர் 1/60 நொடியைவிட மெதுவானால் (1/30 போல) ஐஎஸ்ஓவை 800 ஆக்குங்கள், ஷட்டர் வேகமாகி, கை நடுக்கம் படத்தில் வராது.

முதலில் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று எடுங்கள். பிறகு வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறபடி நில்லுங்கள். கடைசியில் ஜன்னலைப் பார்த்து நின்று எடுங்கள். முதல் படத்தில் கத்தரிக்காய் தட்டையாக இருக்கும். இரண்டாவதில் உருண்டு திரண்டு நிற்கும். மூன்றாவதில் ஓரம் மட்டும் மின்னும்.

பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கத்தரிக்காயின் தோலில் எங்கள் வீட்டு ஜன்னலே இருந்தது. வளைந்து, விரல் நகம் அளவுக்கு, நான்கு கம்பியோடு. பளபளப்பு என்று நாம் சொல்வது வெளிச்சம் வரும் இடத்தின் உருவம்தான் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

இனி நிழல் பக்கம். அது மிகவும் கருப்பாக இருந்தால், ஜன்னலுக்கு எதிர்ப்புறம் ஒரு வெள்ளை வேட்டியை நாற்காலி மேல் விரியுங்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, நிழல் இளகும். வேட்டியைக் கிட்டே கொண்டுவந்தும் தள்ளி வைத்தும் இரண்டு படம் எடுத்தால் வித்தியாசம் விளங்கும்.

அப்புறம் காயை எடுத்துவிட்டு அதே இடத்தில் வீட்டில் ஒருவரை உட்காரவையுங்கள். நான் பாட்டியை உட்காரவைத்தேன். “கத்தரிக்கா வெச்ச எடத்துலயா என்னை ஒக்கார வெக்கிற?” என்றார். படத்தில் அவர் இரண்டு கண்ணிலும் அதே ஜன்னல், அதே நான்கு கம்பி. அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தால் கண்ணில் உயிர் இருக்கும். முகத்தை ஜன்னலுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் புள்ளி போய்விடும், கண்ணும் மங்கிவிடும். அன்றிலிருந்து யாரை எடுத்தாலும் முதலில் கண்ணில் வெளிச்சம் விழுகிறதா என்றுதான் பார்க்கிறேன்.

மூன்றாம் வாரம்: வேட்டி, தோசைக்கல், மல்லிகை

நேத்துப் பூ விஷயம் இங்கேதான் வருகிறது.

வெள்ளை வேட்டியை விரித்து, படம் முழுக்க வேட்டி மட்டும் வரும்படி எடுங்கள். அடுத்து தோசைக்கல்லை அதே போலப் படம் நிறைய எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேட்டியும் சாம்பல், தோசைக்கல்லும் சாம்பல்.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமீட்டர், முன்னால் இருப்பது எதுவானாலும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் என்றே வைத்துக் கணக்குப் போடுகிறது. நிறைய வெள்ளை வந்தால் “அடேயப்பா, வெளிச்சம் அதிகம்” என்று குறைத்துவிடும். நிறையக் கருப்பு வந்தால் கூட்டிவிடும். வள்ளுவர் முகம் கருத்ததும் வெள்ளை வானத்தைப் பார்த்து அது குறைத்ததால்தான்.

திருத்துவது எளிது. கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்திக்கொண்டே சக்கரத்தைத் திருப்புங்கள். வேட்டிக்கு +1 அல்லது +1⅓. தோசைக்கல்லுக்கு −1. ஒன்று என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, மைனஸ் ஒன்று என்றால் பாதி. போனில் என்றால் பொருளின் மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியனை மேலும் கீழும் இழுங்கள், அதே வேலைதான்.

வெள்ளைக்குக் கூட்டு, கருப்புக்குக் குறை. கேட்டால் தலைகீழாகத் தோன்றும். அதனால்தான் வேட்டியையும் தோசைக்கல்லையும் கையால் செய்து பார்க்கச் சொல்கிறேன். படித்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும்.

மார்க்கெட்டில் நான் +1 வைத்து மறுபடி எடுத்தேன். பூக்குவியல் வெள்ளையாக வந்தது. +2 வைத்தபோது இதழெல்லாம் கரைந்து ஒரே வெள்ளைத் தீற்றலாகிவிட்டது. அக்காவிடம் காட்டினேன். நடுவில் இருந்ததைத் தொட்டு, “இது சரி” என்றார்.

ஒரு எச்சரிக்கை. பல கேமராக்களில் அந்த +1, அணைத்துப் போட்டாலும் அப்படியே தங்கியிருக்கும். மறுநாள் கப்பன் பூங்காவில் அறுபது படம் எடுத்து வந்தேன், அத்தனையும் வெளுத்துப்போய், வானத்தில் மேகமே இல்லை. அழுகை வந்தது. இப்போது கேமராவைக் கையில் எடுத்ததும் மூன்றைப் பார்க்கிறேன்: டயல், ஐஎஸ்ஓ, கூட்டல் கழித்தல்.

நான்காம், ஐந்தாம் வாரம்: ஓடும் ஆட்டோ, மங்கும் பின்னணி

டயலை டிவி-க்கு மாற்றி (நிக்கானில் எஸ்; இதில் ஷட்டரை நாம் வைப்போம்), ஷட்டரை 1/30-ல் வையுங்கள். நடைபாதையில் பத்திரமான இடத்தில் நின்று, வருகிற ஆட்டோவைத் தூரத்திலிருந்தே பின்தொடர்ந்து, இடுப்பைத் திருப்பிக்கொண்டே அழுத்துங்கள். அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். ஆட்டோ தெளிவாகவும் தெரு கோடு கோடாகவும் வரும். நாற்பதுக்கு மூன்று தேறினால் நல்ல கணக்கு. வெயில் அதிகமாக இருந்தால் வெளுத்துவிடும், மாலையில் போங்கள்.

அபர்ச்சர், அதாவது லென்ஸ் துளைப் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஃப் 4, 5.6, 8, 11, 16: ஒவ்வொரு படிக்கும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும், தெளிவாகத் தெரியும் ஆழம் கூடும். பின்னணி மங்க வேண்டும் என்று விலை உயர்ந்த லென்ஸ் தேடி ஓட வேண்டாம். கிட் லென்ஸை 55-க்கு நீட்டி, ஆளுக்கு நெருங்கிப் போய், பின்னால் இருப்பது தூரமாக இருக்கும்படி நில்லுங்கள். மங்கிவிடும்.

இந்த இடத்தில் ஒரு வேலை. ஐந்து வாரப் படங்களில் முப்பதை நாலுக்கு ஆறு அங்குலத்தில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது தெரியாத பழக்கமெல்லாம் தெரியும். நான் எல்லோரையும் நடுவில், நெஞ்சு வரைக்கும்தான் எடுத்திருந்தேன். பாதிப் படத்தில் கை இல்லை. மேடம் திட்டவில்லை. “இவங்கல்லாம் என்ன வேலை செய்றாங்க?” என்று மட்டும் கேட்டார்.

ஆறாம் வாரம்: தெரியாத ஒருவர்

முன்பின் தெரியாத ஒருவரை, கேட்டு, அனுமதி வாங்கி, வேலை செய்யும் இடத்தில் எடுக்க வேண்டும். ஒளிந்து எடுத்தால் கணக்கில் வராது. நான் மறுபடி மார்க்கெட்டுக்குப் போனேன்.

கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, பூக் கட்டும் ஒரு அக்காவிடம் முதலில் இரண்டு முழம் வாங்கினேன். பேச்சு தமிழிலேயே ஓடியது. ராயக்கோட்டைப் பக்கமாம், மகளை அங்கேயே கட்டிக்கொடுத்திருக்கிறார். “பேப்பர்ல போடுவியா?” என்று கேட்டார். “இல்லக்கா, கிளாஸ்ல ஹோம்வொர்க்” என்றேன். சிரித்துக்கொண்டே கட்டத் தொடங்கினார்.

தலைக்கு மேல் எல்.ஈ.டி. பல்பு. இங்கே ஒரு நுணுக்கம்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டரை மிக வேகமாக வைத்தால் படத்தில் கருப்புப் பட்டை விழலாம். 1/100-ல் வையுங்கள். ஐஎஸ்ஓ 1600 வைத்தேன், மணல் மணலாகக் கொஞ்சம் தெரிந்தது, பரவாயில்லை. கேமராவுக்குப் பக்கமாக இருக்கும் கண்ணில் ஃபோகஸ். பல்பு நேர் மேலே இருந்ததால் கண்ணில் புள்ளி விழவில்லை. பூக்கூடையிலிருந்து அவர் நிமிர்கிற நேரத்துக்காகக் காத்திருந்தேன். ஒன்பதாவது படத்தில் நிமிர்ந்தார், இரண்டு கண்ணிலும் பல்பு. கை, நார், மடியில் பூ, எல்லாம் உள்ளே.

நோட்டில் எழுதினேன்: கே.ஆர். மார்க்கெட், காலை 5.50, மேலிருந்து பல்பு, மல்லிகை கட்டும் அக்கா.

அடுத்த வாரம் பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த பூவைத்தான் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். “இது காக்கடாம்மா. மல்லி வரத்து கொறஞ்சு போச்சே” என்று கூடையிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மெலிந்த இதழ், மொட்டும் ஒல்லி. மல்லிகையின் வாசம் இல்லை. மகளுக்கு அனுப்ப இன்னொரு பிரதி கேட்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டில் மல்லிகையை அடித்துவிட்டுக் காக்கடா என்று எழுதினேன்.