போட்டோ பேப்பரின் வெள்ளையை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

வழக்கமான இங்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிவது பேப்பர்தான். நான் அதிகம் அச்சிடுவது கறுப்பு வெள்ளை முகங்கள். பேப்பரில் நீலம் அடித்தால் முகத்தின் இதமே போய்விடும். அதனால் புதுப் பேப்பர் எதையும் சோதிக்காமல் வாங்குவதில்லை.

ஒரு தாளைத் தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கண் சீக்கிரமே பழகி, எதையும் வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு பேப்பரிலும் ஒரு துண்டு வெட்டி, பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதி, பூச்சுள்ள பக்கம் மேலே தெரிய, விளிம்போடு விளிம்பு தொடும்படி சாம்பல் நிற அட்டையில் பரப்புங்கள். மெல்லிய தாளுக்கு அடியில் அதே தாள் இரண்டு மூன்று இருக்கட்டும், இல்லாவிட்டால் அட்டையின் நிறம் ஊடுருவித் தெரியும். அப்புறம், அடர்நிறச் சட்டையோடு குனிந்து பார்க்க வேண்டாம். அந்த நிறமும் தாளில் விழும்.

இனி வெளிச்சம். பல பேப்பர்களில் ஆப்டிகல் பிரைட்னர் என்ற பொருள் சேர்க்கிறார்கள். வெளுத்த துணிக்கு நீலம் போடுவது போலத்தான், ஆனால் இது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. ஜன்னலோரத்தில் பளீரென்று இருக்கும் தாள், புற ஊதாவே இல்லாத எல்இடி விளக்கில் மங்குவது இதனால்தான். ஆகவே இரண்டு வெளிச்சத்திலும் பாருங்கள். இருட்டில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்தால் சந்தேகமே இருக்காது: பிரைட்னர் உள்ள தாள் நீலமாக ஒளிரும், இல்லாதது மங்கலாகவே கிடக்கும். டார்ச்சை நேராகப் பார்க்காதீர்கள்.

நிறத்தை எண்ணாக அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற கருவி கிடைத்தால், லேப் (Lab) என்ற நிற அளவுமுறையில் பி (b) மதிப்பைப் பாருங்கள். மைனஸ் என்றால் நீலச் சாயல், பிளஸ் என்றால் மஞ்சள். புற ஊதாவைச் சேர்த்து அளக்கும் எம்1 முறைக்கும், அதை வெட்டிவிடும் எம்2 முறைக்கும் இடையே பி மதிப்பு எவ்வளவு மாறுகிறதோ, அந்த அளவுக்குப் பிரைட்னர் வேலை செய்கிறது.

பிரைட்னர் காலப்போக்கில் செயலிழக்கும். தாள் தன் இயல்பான மஞ்சளுக்குத் திரும்பும். பல வருடம் சுவரில் இருக்கப்போகும் படத்துக்குப் பிரைட்னர் இல்லாத பருத்திப் பேப்பரைத்தான் நான் எடுப்பேன். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டு மாட்டுவதானால், அந்தக் கண்ணாடியைத் துண்டுகளின் மேல் வைத்து இன்னொரு முறை ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.