செஞ்சிக் கோட்டைக்குப் பஸ்ஸில் ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

செஞ்சிக்குப் போகக் கார் தேவையில்லை. சென்னை–திருவண்ணாமலை பஸ்கள் பல திண்டிவனம், செஞ்சி வழியாகப் போகின்றன. விடியற்காலையில் கிளம்பினால் ராத்திரி வீடு திரும்பிவிடலாம். ஒன்றே ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: காலையிலேயே கோட்டையின் முக்கிய மலையான ராஜகிரியில் ஏறிவிட வேண்டும், மற்றதெல்லாம் இறங்கிய பிறகுதான். அடிவாரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாக ஏறலாம் என்று நினைக்கிறவர்கள்தான் பாதி மலையில் வெயில் தாங்காமல் திரும்பிவிடுகிறார்கள்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

மார்கழி, தை, மாசி மூன்றும் நல்ல மாதங்கள். சித்திரை, வைகாசியில் அந்தப் பாறைகள் அனலாய்க் கொதிக்கும். ஐப்பசி மழையில் படிகள் வழுக்கும்.

காலண்டரில் இன்னொன்றையும் பாருங்கள். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் திருவண்ணாமலை பஸ்களை நிரப்பிவிடும். அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டமும் செஞ்சி வழியாகத்தான் வரும். இரண்டு நாளுமே உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். இவற்றைத் தவிர்த்து ஒரு சாதாரண வார நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள்.

2. பஸ் ஏறுங்கள்

சென்னைக்காரர்கள் கிளாம்பாக்கத்தில் ஏற வேண்டும். ஐந்து மணி வாக்கில் ஏறினால் ஒன்பது மணிக்குள் செஞ்சியில் இறங்கிவிடலாம், தூரம் சுமார் 160 கிலோமீட்டர். ஏறும்போதே “செஞ்சி வழியா?” என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேர் பஸ் இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். திண்டிவனம் வரை ஏதாவது ஒரு பஸ்ஸில் வந்துவிட்டால் அங்கிருந்து செஞ்சிக்கு அடிக்கடி பஸ் உண்டு. புதுச்சேரியிலிருந்து வருகிறவர்களும் திண்டிவனத்தில் மாறிக்கொள்ளலாம்.

3. செஞ்சி பஸ் நிலையத்தில் செய்ய வேண்டியவை

டிபனை இங்கேயே முடித்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வாங்குங்கள், மலைமேல் ஒரு கடையும் கிடையாது. வாங்கியதைப் பைக்குள் வைத்து மூடிவிட வேண்டும். கையில் தொங்கும் பாலித்தீன் பையைக் கண்டால் கோட்டைக் குரங்குகள் விடாது. செருப்பைவிட பிடிமானமான ஷூ நல்லது.

கோட்டை, ஊருக்கு மேற்கே திருவண்ணாமலை சாலையில் இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. ஆட்டோ பிடித்து “ராஜா கோட்டை” என்று சொன்னால் போதும். சாலைக்கு இடப்புறம் ராஜகிரி, வலப்புறம் ராணிக் கோட்டை எனப்படும் கிருஷ்ணகிரி. நுழைவுச்சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இரண்டு மலைக்கும் அது ஒன்றுதான்.

4. ராஜகிரி ஏறுங்கள்

சுமார் 800 அடி உயரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம். பிற்பகலில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு மேலே விடமாட்டார்கள் என்பதால், காலையில் ஏறச் சொல்வதற்கு வெயில் மட்டுமே காரணமல்ல.

ஏறும்போது வாசல்களைக் கவனியுங்கள். ஒன்றைத் தாண்டினால் பாதை திரும்பி இன்னொன்றின் முன் கொண்டுபோய் நிறுத்தும். ஒவ்வொரு திருப்பத்திலும் நீங்கள் கீழே, காவல்காரன் உங்கள் தலைக்கு மேலே. உச்சிக்குச் சற்று முன்னால் பாறையே பிளந்து, சுமார் 60 அடி ஆழத்துக்கு ஒரு பள்ளம் வாய் திறந்து கிடக்கிறது. இன்று அதன்மேல் பாலம் இருக்கிறது, நடந்து போய்விடலாம். அன்றைக்கு மரப்பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். 1677ல் சிவாஜி பிடித்த இந்தக் கோட்டைக்குள் அவருடைய மகன் ராஜாராம் வந்து தங்க, முற்றுகையிட்ட முகலாயப் படை 1698 வரை காத்துக் கிடந்தது. ஏன் அத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை எந்தப் புத்தகத்தையும்விட இந்தப் பள்ளம் நன்றாகச் சொல்லும்.

வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில், உச்சியில் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. அங்கே அரை மணி நேரமாவது உட்காருங்கள். வடக்கே கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் சந்திரகிரி, மூன்று மலையையும் இணைத்து ஓடும் மதில் எல்லாம் ஒரே பார்வையில் விரியும். மூன்றும் சேர்ந்ததுதான் கோட்டை என்பது மேலே வந்தால்தான் புரியும்.

5. இறங்கிய பிறகு அடிவாரம்

இப்போது அவசரமே இல்லை. கூர்நுனிக் கோபுரம் போல மாடி மாடியாக எழும் கல்யாண மகால், வளைந்த கூரையுள்ள நெற்களஞ்சியம், ஆனைக்குளம், சாதத்துல்லா கான் மசூதி எல்லாம் நடக்கும் தூரத்தில்தான். வேங்கடரமணர் கோயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். இங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போன ஒற்றைக்கல் தூண்கள்தான் புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன.

தேசிங்கு ராஜன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் செட்டிகுளம் வரை போய்வாருங்கள். 1714ல் ஆற்காடு நவாபின் படையோடு மோதி மாண்ட அந்த இளைஞனை எரித்த இடம் இது என்பார்கள். அவன் ஆண்டது சில மாதங்கள்தான். ஆனாலும் கதைப்பாடலும் கூத்தும் இந்தக் கோட்டையை அவன் பேரிலேயே எழுதி வைத்துவிட்டன. 2025ல் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி.

6. கிருஷ்ணகிரியும் வேண்டுமா?

முதல் பயணத்தில் வேண்டாம் என்பேன். ராஜகிரியைவிடச் சின்ன மலைதான், குவிமாட மண்டபம் அழகாக இருக்கும். ஆனால் களைத்த காலோடு இரண்டையும் ஓடி ஓடிப் பார்த்தால் எதுவும் மனதில் தங்காது. மூன்று மணிக்கு முன் இறங்கி, காலில் தெம்பும் இருந்தால் கிருஷ்ணகிரிக்குப் பதிலாக ஆட்டோவில் சிங்கவரம் போங்கள். பாறையிலேயே செதுக்கிய பெரிய பள்ளிகொண்ட ரங்கநாதர் அங்கே இருக்கிறார்.

7. திரும்புங்கள்

கோட்டை வாசலில் பஸ்ஸுக்குக் கைகாட்டி நிற்காமல் செஞ்சி பஸ் நிலையத்துக்கே வந்துவிடுங்கள். திருவண்ணாமலையிலிருந்து வரும் சென்னை பஸ்ஸில் இடம் இல்லாவிட்டாலும் திண்டிவனம் பஸ்ஸில் உட்காரலாம். அங்கே மாறிக்கொண்டால் கிளாம்பாக்கத்துக்கு ராத்திரி நெடுநேரம் வரை வண்டி கிடைக்கும்.