பள்ளிக்காக மலையிறங்கும் முன்: நீலகிரிப் பெற்றோர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியானாலும் (படுகர் ஊர்), மஞ்சூர் எஸ்டேட் லைனானாலும், பந்தலூரானாலும், மூத்த பிள்ளை ஐந்தாவது முடிக்கிற சமயத்தில் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். கீழே கோவைப் பக்கம் காரமடையில் வீடு பார்க்கலாமா? துடியலூருக்கே போய்விடலாமா? குன்னூர், வெலிங்டன் பக்கம் வந்தால் போதாதா? பெரும்பாலும் ஒரு பள்ளியின் பெயர் காதில் விழுகிறது, அட்வான்ஸ் கொடுத்தாகிவிடுகிறது, மற்றதெல்லாம் அப்புறம்தான் தெரியவருகிறது. வீடு பார்க்கப் போகும் முன் ஒரு நோட்டு எடுத்து, கீழே சொல்லும் வரிசையில் எழுதிப் பாருங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதல் பக்கம்: பிள்ளையின் ஒரு நாள்

பணத்தை முதலில் எழுதாதீர்கள், நேரத்தை எழுதுங்கள். வீட்டு வாசலில் கால் வைத்ததிலிருந்து வகுப்பு வாசல் வரை எத்தனை நிமிடம்? பஸ் ஸ்டாப்புக்கு நடப்பது, காத்திருப்பது, வேன் எல்லா ஹட்டியிலும் நின்று ஏற்றிக்கொண்டு போவது எல்லாம் இதில் சேரும். போக ஒன்றே முக்கால் மணி, வர ஒன்றே முக்கால் மணி என்றால் ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம். வருஷத்துக்குச் சுமார் 210 பள்ளி நாள் என்று வைத்தால் 735 மணி நேரம் சாலையிலேயே போகிறது. அதுவே போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்றால் 315. நடுவில் நிற்கும் 420 மணி நேரம்தான் பிள்ளையின் தூக்கம், விளையாட்டு, வீட்டுப்பாடம். வீடு மாற்றுவதால் இது எவ்வளவு மிச்சமாகிறது என்பதுதான் முதல் கேள்வி. கீழே வீடு எடுத்தும் பள்ளி வேன் ஊரெல்லாம் சுற்றி ஒன்றேகால் மணி நேரம் எடுத்தால், மாறியதில் பாதிப் பலன் போய்விட்டது.

இந்த நேரத்தைக் கூகுள் மேப்பில் பார்த்து எழுதக் கூடாது. ஒரு திங்கட்கிழமை, முடிந்தால் அக்டோபர், நவம்பரில், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதே நேரத்து பஸ்ஸில் போய் வாருங்கள். பிள்ளை வாந்தி எடுக்கிறதா, தூங்கிவிடுகிறதா, நிற்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவு. சில பிள்ளைகளுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது. மாலையில் திரும்பும்போது எந்த வெளிச்சத்தில் பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஆறரை மணிக்குத் தேயிலைத் தோட்டத்து நடைபாதையில் காட்டெருமையோ கரடியோ நிற்கும் இடம் உங்களுக்கே தெரியும். அந்த நடை பத்து நிமிடமானாலும், தினமும் ஒரு பெரியவர் போய் அழைத்து வர வேண்டும். அந்தப் பெரியவர் யார் என்று பெயரோடு எழுதுங்கள்.

மழைக் கணக்கு தாலுகாவுக்குத் தாலுகா வேறு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, எமரால்டு பக்கம்தான் அடி விழும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது நினைவிருக்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. கலெக்டர் விடுமுறை விடுவதும் அதை ஒட்டித்தான். கூடலூரில் வீடு, ஊட்டியில் பள்ளி என்றால், உங்கள் தாலுகாவுக்கு லீவு, பள்ளிக்கு லீவில்லை என்ற நாள்கள் வரும். அந்த நாளில் வருகைப்பதிவு எப்படிப் போடுகிறார்கள் என்று பள்ளியில் கேட்டு வையுங்கள்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது

கட்டடம், நீச்சல் குளம், ஸ்மார்ட் போர்டு பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒரு நோட்டு. நான்காம் வகுப்புப் பிள்ளையின் கணக்கு நோட்டையும் தமிழ் நோட்டையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். கொடுத்தால் நடுப் பக்கத்தைத் திறங்கள். சிவப்பு மையில் தேதி இருக்கிறதா? ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் எத்தனை நாள் இடைவெளி? தப்பான கணக்குக்குப் பக்கத்தில் பிள்ளை மறுபடி போட்டிருக்கிறதா? எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிழையே இல்லாமல் இருந்தால் போர்டில் எழுதியதைப் பார்த்து எழுதியது, பிள்ளையின் சொந்த வேலை கிடையாது. தப்பும் திருத்தமுமாக இருக்கும் நோட்டுதான் வாத்தியார் உட்கார்ந்து பார்த்த நோட்டு. இரண்டு பள்ளி நோட்டை இப்படிப் பார்த்துவிட்டால் எந்த விளம்பரமும் உங்களை அசைக்காது.

அப்புறம் மூன்று கேள்வி. சென்ற வருஷம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள்? பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப் உண்டு, இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் தனித்தனி ஆசிரியர் இருக்கிறாரா? பெண் பிள்ளைகள் கழிவறையில் தண்ணீர் வருகிறதா? கடைசிக் கேள்விக்கு வாய்ப் பதில் போதாது, போய்ப் பாருங்கள்.

இதே கேள்விகளை இப்போது பிள்ளை படிக்கும் பள்ளியிலும் கேளுங்கள். நிறையப் பேர் விட்டுவிடும் படி இதுதான். மலையில் உள்ள அரசுப் பள்ளி வகுப்பில் பதினைந்து பிள்ளைகள்தான் இருப்பார்கள், ஆசிரியருக்கு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தெரியும். கீழே அதே வகுப்பில் நாற்பது பேர் இருக்கலாம். குறை ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லாததுதான் என்றால், அதற்கு ஒரு குடும்பத்தையே பெயர்க்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுத்தில் கொடுத்து, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கட்டணம் பேசும்போது, கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு விதித்த தொகை என்ன என்று கேளுங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிக்கு அந்த உத்தரவு உண்டு. அதற்கு மேல் வாங்குவதை என்ன பெயரில் வாங்குகிறார்கள், ரசீது தருவார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேன் கட்டணம் பத்து மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்பதில் வருஷச் செலவு நிறையவே மாறும்.

மாறினால் கைவிட்டுப் போவது

இதுதான் மிக முக்கியமான பக்கம். பின்னாளில் வருந்துபவர்கள் பெரும்பாலும் இதை எழுதாமல் விட்டவர்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், பழங்குடியினர் நலம், வனத்துறைப் பள்ளிகளும் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. எட்டாவதில் ஒரு வருஷம் கீழே தனியார் பள்ளியில் காசு கட்டிச் சேர்த்துவிட்டு, ஒத்துவரவில்லை என்று ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கே திரும்பினாலும் இந்த உரிமை திரும்ப வராது. ஆறாவது தொடங்கும் முன் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய்க்கும் இதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது உண்டு. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு, 2020 திருத்தத்துக்குப் பின் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும். ஆங்கில வழிக்கு மாற்றுவது தவறென்று சொல்லவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கிடைக்கும் 25 சதவீத இலவச இடத்தை நம்பி வீடு மாற்றுபவர்களும் உண்டு. அது எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில் நுழையும்போது மட்டும்தான். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. மலையில் பேர்பெற்ற பழைய பள்ளிகள் பல கிறிஸ்தவ சிறுபான்மைப் பள்ளிகள், அங்கே போய்க் கேட்டுப் பயனில்லை.

சேரம்பாடி, அய்யன்கொல்லிப் பக்கத்தவர்கள் சுல்தான் பத்தேரிக்கு மாறுவதை யோசிப்பார்கள். தூரம் குறைவுதான். ஆனால் தமிழ்நாட்டுக்கு வெளியே படித்தால் 7.5 சதவீதம் கிடையாது, பொறியியல் கலந்தாய்வில் 8 முதல் 12 வரை ஒரு வகுப்பை வெளியே படித்திருந்தாலும் இருப்பிடச் சான்று வேண்டும்.

எந்த வகுப்பில் மாற்றலாம்

ஒன்று, ஆறு, பிளஸ் ஒன். இந்த மூன்றும்தான் இயல்பான இடங்கள். ஒன்பதாவதில் சமாளிக்கலாம், பத்தாவதிலும் பிளஸ் டூவிலும் வேண்டவே வேண்டாம். சி.பி.எஸ்.இ.க்குப் போவதானால் ஒன்பதாவதுக்குள் சேர்ந்துவிட வேண்டும். நேராகப் பத்தாவதில் நுழைய வாரியத்தின் அனுமதி தேவை. அங்கே நடுநிலை வகுப்புகளில் மூன்றாம் மொழி இருக்கும், பெரும்பாலும் இந்தி. வீட்டில் படுகு, பள்ளியில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம் என்று ஏற்கெனவே மூன்றைச் சுமக்கும் பிள்ளைக்கு இது நான்காவது. ஒரு வருஷம் முன்பே எழுத்துப் பழக்கிவிட்டால் பாரம் குறையும்.

வயதும் இடிக்கும். மாநிலப் பாடத்திட்டத்தில் ஜூலை 31-இல் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31-இல் ஆறு நிறைய வேண்டும். அருவங்காட்டிலும் வெலிங்டனிலும் அந்தப் பள்ளி இருக்கிறது என்பதற்காகப் பக்கத்தில் வீடு எடுத்துவிடாதீர்கள். மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம். சீட் கையில் வந்த பிறகு வீடு.

இரண்டு வீட்டுச் செலவு

நல்ல கொழுந்துக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை தோட்டத்தில் பறிப்பு இருக்கும். அதனால் குடும்பம் இறங்கினாலும் அப்பாவோ தாத்தாவோ மேலேதான் இருப்பார்கள். வாடகை, இரண்டு கரண்ட் பில், இரண்டு சிலிண்டர், வாராவாரம் மேலே வந்துபோகும் செலவு, கீழே கோடையில் தண்ணீர் விலைக்கு வாங்குவது, எல்லாவற்றையும் பன்னிரண்டு மாதத்துக்கு எழுதுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். பத்து மாதம் கேட்டால் இதைச் சொல்லிப் பேசலாம். பச்சைத் தேயிலை விலை இன்றைக்கு இருப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடந்த மூன்று வருஷத்தில் உங்கள் ஃபேக்டரி கொடுத்த மிகக் குறைந்த மாத விலையை எடுத்துப் போடுங்கள். அந்த விலையிலும் பள்ளிக் கட்டணமும் வாடகையும் வருகிறதென்றால்தான் தாங்கும்.

ஏற்கெனவே வைத்திருக்கும் டி.என். 43 வண்டியை (நீலகிரிப் பதிவு) விற்காதீர்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வண்டிகளுக்கு நடைமுறைக்கு வந்த இ-பாஸிலிருந்து அதற்கு விலக்கு உண்டு. கீழே வாங்கும் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நீலகிரியில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள், கோவை மாவட்டப் பள்ளியில் அன்றைக்கு வகுப்பு நடக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் பாட்டிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

முழுக் குடும்பமும் மாறாமல் வேறு வழி இருக்கிறதா என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மாவட்ட மாதிரிப் பள்ளியில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தங்கிப் படிக்கலாம், அது அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீதமும் போகாது. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் சேர வீடு 8 கி.மீ.க்கு அப்பால் இருக்க வேண்டும், பெண் பிள்ளைகளுக்குத் தூர விதி இல்லை.

முடிவெடுத்த பிறகு

முதலில் பெயர். பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய பள்ளியில் இருக்கும்போதே திருத்துவது எளிது. பத்தாவது சான்றிதழ் வரை இந்தப் பிழை கூடவே வரும். சாதிச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லையென்றால், மேலே இருக்கும்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

டி.சி. வாங்கியதோடு வேலை முடியாது. பழைய பள்ளி, மாணவர் பதிவுக்கான அரசின் எமிஸ் தளத்தில் பிள்ளையைக் காமன் பூலுக்கு (பொதுப் பட்டியல்) மாற்ற வேண்டும், அப்போதுதான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். மாற்றியாயிற்றா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு, எமிஸ் எண்ணைக் குறித்து வாங்கி வாருங்கள். கட்டணப் பாக்கிக்காக டி.சி.யை நிறுத்திவைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

ரேஷன் கார்டு முகவரியை முதல் வருஷம் மாற்றுவதா என்பது 25 சதவீத இடம் கேட்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. கேட்பதென்றால் விண்ணப்பம் திறக்கும் முன்பே புது முகவரி ஆவணத்தில் ஏறியிருக்க வேண்டும். மேல் வீட்டை முதல் பன்னிரண்டு மாதம் யாருக்கும் வாடகைக்கு விடாதீர்கள். காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறைக்கு மேலே வரும்போது, பிள்ளையை உட்கார வைத்து, புதுப் பள்ளியின் கணக்கு நோட்டை நடுப் பக்கத்தில் திறந்து பாருங்கள்.